பக்க விளைவு ஏதும் இல்லை

போனில் பேசும்போது சிரித்துக்கொண்டே பேச வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் சிரிப்பு எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே வந்தது. அதைப் பார்த்துத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். இன்னும் கடைக்கு வராத ஒரு மருந்தை ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தீராத மனச்சோர்வுக்கான மாத்திரை. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்தான். சாப்பிடுகிறவர்களுக்கு வாராவாரம் போன் செய்து, உடம்பில் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கண்ணாடித் தடுப்பு வைத்த அறை. பக்கத்து இருக்கையில் என்னைவிட மூத்த ஓர் அக்கா.

பயிற்சியில் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிர்முனை எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் பொறுக்க வேண்டும். நாம் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்தால் அவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்களாம். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. ஒரு மனுஷரை எவ்வளவு நேரம் அந்தரத்தில் தொங்கவிடுவது?

என் கணவரும் அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டார். ஊழியர் வீட்டு ஆட்கள் சேரக் கூடாது என்று விதி. என் நாத்தனார் அவரை ஊரின் மறுகோடி மருத்துவமனை வழியாகச் சேர்த்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதைத் தப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தது படுத்ததுதான், வருஷக்கணக்காக. ஒருமுறை தண்டவாளத்துப் பக்கத்திலிருந்து யாரோ அவரைக் கூட்டிவந்து விட்டார்கள். அதன்பிறகு நான் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழிட்டதில்லை.

மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு காலை, குளியலறையிலிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது. ஈரத் துண்டோடு வந்து நின்று என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ எப்ப கண்ணாடி போட ஆரம்பிச்ச?"

"நாலு வருஷமா போட்டிருக்கேங்க."

"டீச்சரம்மா மாதிரி இருக்க. நின்னு பேசவே பயமா இருக்கு."

அன்றைக்கு நான் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டுதான் வேலைக்குப் போக முடிந்தது.

அடுத்த மாதம் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்த மருந்து மூளையில் போய் அடைக்கிற வாசல், கண்ணுக்குள் பின்பக்கம் உள்ள விழித்திரையிலும் இருக்கிறதாம். சிலருக்கு ஓரப் பார்வை மெல்லச் சுருங்கலாம் என்று சந்தேகம். உடனே நிறுத்தினால் திரும்பிவிடும், தொடர்ந்தால் திரும்பாது. கண் புகார்கள் இன்னும் கொஞ்சம் கூடினால் சோதனையையே நிறுத்திவிடுவார்கள் என்றார். எனக்கு அந்தச் சீட்டிச் சத்தம்தான் காதில் கேட்டது.

நான் ஒரு பொய்கூட ஏற்றவில்லை. பதிவுகளைக் கேட்டிருப்பீர்களே. தையல் வேலை செய்கிற ஓர் அம்மா, ஊசி கோக்கும்போது பக்கத்தில் இருக்கிற கத்தரிக்கோல் தெரிவதில்லை என்று சொன்னார். வீட்டு வெளிச்சம் எப்படிம்மா என்று கேட்டேன். பல்பை மாற்றச் சொல்லி ஆறு மாசமாகிறது, அந்த மனுஷன் அசைகிற மாதிரி இல்லை என்று அவர் புருஷனைத் திட்ட ஆரம்பித்தார். இருவரும் நன்றாகச் சிரித்தோம். "அப்ப மாத்திரையால ஒண்ணுமில்லதானே?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். அதைத்தான் ஏற்றினேன். எல்லோரும் அப்படித்தான். கண்ணாடி பழசு, தூக்கம் போதவில்லை, வயசாகிறது. காரணம் இல்லாத வீடு எது?

பக்கத்து இருக்கை அக்காவுக்கு மட்டும் கண் புகார்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் கேட்கிற விதத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். பாவம், அவர்களும் எதையாவது சொல்லித்தானே தீரவேண்டும்? ஒருநாள் என் பக்கம் திரும்பி, "உங்கிட்ட பேசுறவங்க மட்டும் எப்படிடி எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க?" என்றார். ராசியான குரல்க்கா என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். மறுகாது என் பக்கம்.

அதனால்தான் அந்த வேன் டிரைவரிடம் மெதுவாகப் பேசினேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மனைவி போனபிறகு பேச்சே நின்றுபோயிருந்தவர், மாத்திரைக்குப் பிறகு வாய் ஓயமாட்டார். "எங்கம்மாகூட என்னை இவ்வளவு விசாரிச்சதில்ல தங்கச்சி" என்பார். ஒரு சாயங்காலம் அவராகவே கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஒரு சைக்கிள்காரன் எங்கிருந்து வந்தான்னே தெரியல. ரெண்டு பக்கமும் திரை போட்ட மாதிரி இருக்கு. வண்டிய கொஞ்ச நாள் நிறுத்திரட்டுமா?"

"தூங்குறீங்களாண்ணே?"

"ரொம்ப நாள் கழிச்சு இப்பதான் ஒழுங்கா தூங்குறேன்."

"தூக்கம் ஜாஸ்தியானாலும் கண்ணு மசமசன்னுதான் இருக்கும். ஓட்டுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது."

அவர் வண்டியை நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று நான் ஏற்ற வேண்டிவரும். அது இன்னொரு கண் புகார். அவ்வளவுதான் யோசித்தேன்.

மறுநாள் வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண் பிள்ளை, உள்ளே விட்டுவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பக்கவாட்டில் திரும்பி வந்திருக்கிறாள். அதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. முதல் வகுப்பு. பிள்ளை வந்ததே தெரியவில்லை என்று அந்த அண்ணன் சொல்வதை நீங்கள் நம்ப மறுக்கிறீர்கள். நம்புங்கள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்காது. அது எனக்குத் தெரியும்.

அப்போதே தெரியுமா, சந்தேகமாவது வந்ததா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள்.

அதற்கு முந்தின வாரம் என் கணவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். சின்ன வீடு, சாமான் அதிகம். அலமாரியை உள்ளே தள்ளிப் போட்டேன். பிறகு பக்கத்தில் வைத்த காபியைத் தட்டிவிட்டார். முக்காலியை எடுத்துவிட்டு நேராகக் கையில் கொடுக்க ஆரம்பித்தேன். தெருவில் இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை.

சோதனையை நிறுத்திவிட்டு மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் நான் கொடுக்கவில்லை. இன்று காலையும் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வண்டி அனுப்பியிருப்பதாகச் சொல்கிறீர்கள். வீண் அலைச்சல். அவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை. நான் எங்கே நின்றாலும் அவருக்குத் தெரிகிறேன். எப்போதும் நேர் எதிரில் வந்துதானே நிற்கிறேன்.