அம்மாவின் இடது கை

மாஜிஸ்திரேட் அம்மா அவர்களுக்கு,

என் பெயர் புகழரசி, வயது பதினான்கு, தந்தை பெயர் விஜயராஜ். பாகூர் கொம்யூன் செலியமேடு கிராமத்தில் இருக்கிறேன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். வரப்புத் தகராறில் நடந்த அடிதடி வழக்கில் விசாரணைக் கைதியாக இருக்கும் செல்வகுமாரி என் அம்மா. அவருக்குப் பிரசவ வலி கண்டு ஜெயிலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகத் தகவல் வந்தது. அப்பா கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்ததால், அத்தை தையலம்மாளும் நானும் போனோம்.

அங்கே பழைய துணி கொடுக்க என்னை மட்டும் பிரசவ அறைக்குள் விட்டார்கள். அம்மாவின் இடது கையைக் கட்டில் கம்பியோடு விலங்கிட்டுப் பூட்டியிருந்தார்கள். வலி வந்து அம்மா புரண்டபோதெல்லாம் விலங்கு இழுத்து மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. "கழட்டி வுடுங்க மேடம், இந்த வயித்த வெச்சிக்கினு எங்க ஓடப் போவுது?" என்று நர்ஸ் கேட்டார். காவலுக்கு வந்திருந்த போலீஸ்கார அம்மா, "ஓடுனா நீயா வந்து பதில் சொல்லுவ? சாவி ஏட்டுகிட்ட கீது. அவரு டீ குடிக்கப் போயிருக்காரு" என்றார். அதன் பிறகு விலங்கோடுதான் தம்பி பிறந்தான்.

அம்மா வலது கையால் அவனை அணைத்துக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஜெயிலுக்குப் போனதிலிருந்து அம்மா என்னைத் தொட்டதில்லை. இருந்த ஒரு கையும் அவனுக்கே போயிற்று. இனி அவன் ஜெயிலில் அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்குவான், நான் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டு வர வேண்டும்.

அதன் பிறகு அம்மாவின் கைப்புண் சீழ் பிடித்தது. அது தெரிந்து தாங்கள் விசாரணை வைத்தீர்கள். போலீஸ்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "வெலங்க பாத்தேன்னு வாயத் தொறந்த, கொழந்தைய உங்கம்மாகிட்டருந்து பிரிச்சி இங்க அனுப்பிடுவாங்க" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது. கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அவர் போன பிறகு அத்தை, "கம்முனு இருடி. பச்சப்புள்ள மேல பொறாமப்பட்டுதான் சொன்னான்னு ஊரே காறித் துப்பும்" என்றார்.

ஆகவே அத்தை தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். எனக்குத் தம்பி மேல் பொறாமை இருப்பது உண்மை. அவன் பிறந்தபோது விலங்கு பூட்டியிருந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவிட வேண்டாம். அவனை அம்மாவிடமிருந்து எடுத்துவிடவும் வேண்டாம். யாரும் சொல்லித்தராமல் நானே எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

வி. புகழரசி