உயிரோடிருப்பவருக்கு ஏற்றிய விளக்கு

கழி சூழ்ந்த இந்தத் தாழந்தீவின் படத்திறப்பு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சீனுவாசன் ஐயா அவர்களே, விழாவுக்காக ஓடி ஓடி உழைத்த செயலாளர் தம்பி பிரவீன்குமார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துவிட்டுச் செவி கொடுக்கும் தாய்மார்களே, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே கேட்கும் காலனி உறவுகளே! உங்களையும் அமர்ந்திருக்கும் உறவுகளே என்று அழைக்கத்தான் ஆசை. நாற்காலி போட மறந்துவிட்டோம். அது இன்றைய முதல் வெட்கம். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது, வருகிறேன்.

நாற்புறமும் நீர், நடுவிலே ஊர். மேலத்தெருவில் தாளித்தால் கீழத்தெருவில் தும்முகிற அளவுக்குச் சின்ன ஊர். இந்தச் சின்ன ஊருக்குத்தான் எத்தனை பெரிய மனிதர்கள்! உப்புத் தண்ணீரைக் குடித்துக் கிடந்த ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டியவர் விருத்தாசலம். ஓலைக் கொட்டகையில் பள்ளி தொடங்கி, கைநாட்டு வைத்த ஊரைக் கையெழுத்துப் போட வைத்தவர் சவுரிராயன் வாத்தியார். அந்த இருவருடைய படங்களையும் திறந்தபோது கை தட்டினீர்கள். தகும், தகும்.

மூன்றாவது படம் அஞ்சம்மாளுடையது. பாலம் வராத காலத்தில், பிரசவ வலி கண்ட பெண்களைத் தோணியில் ஏற்றி, கோல் ஊன்றிக் கரை சேர்த்தவர். மழையா? வந்தார். புயலா? வந்தார். மேலத்தெருவா, காலனியா என்று கேட்டாரா? வலி எப்போது கண்டது என்று மட்டும்தான் கேட்டார். என் அம்மாவும் அந்தத் தோணியில்தான் போனாள். நான் பாதி வழியிலேயே பிறந்துவிட்டேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அவசரக்காரன்தான் நான். அஞ்சம்மாளின் முந்தானையைக் கிழித்துத்தான் என்னைத் துடைத்தார்களாம்.

அந்தத் தாயின் படத்தை நான்தான் திறந்தேன். மாலை போட்டேன், பொட்டு வைத்தேன், விளக்கேற்றினேன். "மறைந்தும் மறையாத மாதரசி!" என்று முழங்கினேன். முழங்கி முடித்துத் திரும்பினால், காலனித் தம்பி தேவா மேடையோரம் வந்து என் காதில் சொல்கிறான்: "சார், அவங்க சாவலை சார். அதோ, மரத்தாண்ட நின்னுக்கினு கீறாங்க."

ஐயோ! எப்படி ஐயா நடந்தது இது? தம்பி பிரவீன்குமார் பெரியவர்களைக் கேட்டாராம். இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். ஆட்டோவில் மைக் கட்டி, "அமரர் அஞ்சம்மாள்" என்று ஊரைச் சுற்றினோமே, அந்த ஆட்டோ காலனிக்குள் திரும்பியதா? இல்லை. திரும்பியிருந்தால் உண்மை அங்கேயே தெரிந்திருக்கும். நம் அழைப்பைச் செல்போனில் பார்த்த அஞ்சம்மாளின் தம்பி மகள் செண்பகம், வானூரிலிருந்து மாலையும் கையுமாக அழுதுகொண்டு வந்து இறங்கியிருக்கிறார். அப்போது அத்தை வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாராம்.

யாரைக் குற்றம் சொல்ல? பாலம் வந்தது, தோணி கரையேறியது, நம் கால் காலனிப் பக்கம் போவதை விட்டது. மேல்மலையனூர் அமாவாசைக்கு எந்தப் பஸ் என்று நமக்குத் தெரியும். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று தெரியும். வெற்றிலை மெல்லும் நேரத்தில் நடந்துவிடக்கூடிய காலனியில், நம்மை உயிரோடு கரை சேர்த்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது! வெட்கம், பெருமக்களே, வெட்கம்! கல்லூரியில் பாடம் நடத்துகிற எனக்கும் தெரியவில்லை. திண்டிவனத்திலிருந்து மாதந்தோறும் வருகிறேன், ஒரு நாளாவது கேட்டேனா?

தலைவர் அவரை மேடைக்கு அழைத்து வரச் சொன்னார். தேவா ஓடினான். வரமாட்டேன் என்றுவிட்டார். படத்தை இறக்கிவிடவா என்று மறுபடியும் கேட்டனுப்பினேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"படம் இருக்கட்டும்பா. வெளக்க மட்டும் அணைச்சிடு. பாலம் வந்ததுலேர்ந்து, உயிரோட கீறியான்னு ஒருத்தரும் வந்து கேக்கலை. நானே வந்து காட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வேண்டாம், கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். இது தட்டுவதற்கு உரிய பேச்சில்லை.

இதோ, விளக்கை அணைக்கிறேன். பொட்டைத் துடைக்கிறேன். இந்த மாலையை அவருக்குப் போடமாட்டேன், இறந்தவருக்கென்று வாங்கிய மாலை அது. தலைவர் அவர்களே, பேச அழைத்ததற்கு நன்றி. என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கத்தை மட்டும் இங்கே சொல்லமாட்டேன், அது வேப்பமரத்தடிக்குப் போக வேண்டியது.

அம்மா, உங்கள் தோணியில் பிறந்தவன் வந்திருக்கிறேன். உட்காருங்கள். நல்லா கீறீங்களாம்மா?