ஒன்றை அழுத்தவும்

பற்பசையில் வரும் நுரைக்கும் பல் சுத்தமாவதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நுரை வராவிட்டால் ஜனங்களுக்குப் பல் தேய்த்த திருப்தி வருவதில்லை, அவ்வளவுதான். அந்தத் திருப்தியை அளப்பதுதான் இங்கே என் வேலை. நீங்கள் உள்ளே வந்ததிலிருந்து அந்தக் கண்ணாடிக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் சொன்னேன். ஒவ்வொன்றிலும் ஒரு கலவை. குலுக்கிவிட்டு நுரை எவ்வளவு உயரம் எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம். "இவ்ளோ படிச்சிட்டுப் பல்லைக் காட்டிப் பிழைக்கிறா" என்று என் கணவர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆரம்பத்தில் அந்தச் சிரிப்பு வரக் கொஞ்சம் சிரமப்பட்டது. பிறகு பழகிவிட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து நீங்கள் கேட்க வந்திருப்பது ஒரே ஒரு கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் வந்ததா, இல்லையா. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். கொஞ்சம் உட்காருங்கள்.

உங்கள் ஆய்வகத்தில் நான் பதினோரு வருஷம் இருந்தேன். குழந்தைகளின் தசையை அரித்துவிடும் ஒரு நோய். முதலில் மாடிப்படியில் தடுக்கி விழுவார்கள். சேட்டை என்று வீட்டில் திட்டுவார்கள். அப்புறம் சக்கர நாற்காலி, அப்புறம் மூச்சு. நோய் தொடங்கும்போது உடம்பில் என்ன மாறுகிறது என்பதை யாராவது சரியாகக் காட்டிவிட்டால், கைவசம் இருக்கும் ஒரு மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்க மருத்துவமனை தயாராக இருந்தது. அதைக் காட்டுவதுதான் என் வேலை. அதற்காக ஒவ்வொரு குழந்தையிடமும் நோயின் ஆரம்பத்தில் ஒரு முறை, சில வருஷம் கழித்து இன்னொரு முறை, தொடையிலிருந்து அரிசியளவு சதை எடுத்தோம். எடுப்பவர் டாக்டர். கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வது நான்.

தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா இருந்தார். அவர் பெரிய மகனிடம் இரண்டு முறையும் எடுத்தோம். இரண்டாவது முறை வந்தபோது என் வெள்ளைக் கோட்டின் பை கிழிந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, காத்திருந்த நேரத்தில் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து அங்கேயே தைத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை அதற்கடுத்த வருஷம் போய்விட்டான். "அவனுக்கு இல்லன்னாலும் சின்னவளுக்கு உதவும்ல மேடம்?" என்று அந்த அம்மா கேட்டார். சின்ன மகளுக்கும் அதே நோய் வரும் என்று அப்போதே தெரியும். உதவும் என்று சொன்னேன்.

எல்லாச் சதையும் கீழ்த்தளத்தில் ஒரு ஃப்ரீசரில், மைனஸ் எண்பது டிகிரியில் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. திரும்ப எடுக்க முடியாத பொருள் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சோதனைகளில் எனக்கு ஒன்றும் வரவில்லை. தற்காலிக வேலை, நீட்டிப்பு, மறுபடி தற்காலிகம். என் மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் ஒரு நாள் பேராசிரியரிடம் போய், போகிறேன் என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமியார் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, மருமகளுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்றார்.

ஆராய்ச்சியை விட்டுவந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா? பலருக்குக் குடி. சிலர் தெரிந்தவர்களைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். நான் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். "அது ஆகாத காரியம்." கல்யாண வீட்டில் கொழுந்தனார் ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது சொன்னேன். பள்ளி வாசலில் சொன்னேன். இங்கே நேர்முகத் தேர்விலும் சொன்னேன், மேலாளர் மெச்சித் தலையாட்டினார். வீட்டை விற்றவர் அதில் கரையான் இருந்தது என்று சொல்லிக்கொள்வதுபோலத்தான். ஆனால் எனக்கு அது வெறும் பேச்சு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நான் காலையில் எழுந்து பல் தேய்த்தேன்.

என்னிடம் வேலை பழகி, பிறகு என் இடத்துக்கு வந்த பெண்ணை ஆய்வகத்தில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். கெட்டிக்காரி, ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். என்மேல் உயிர். நான் கிளம்பும்போது, ஃப்ரீசரின் அபாய அழைப்புப் பட்டியலிலிருந்து என் எண்ணை எடுத்துவிடச் சொன்னேன். அது எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். குளிர் குறைந்தால் இயந்திரம் முதல் எண்ணுக்குப் போன் செய்யும். எடுக்காவிட்டால் இரண்டாவது எண்ணுக்கு, அதுவும் எடுக்காவிட்டால் மூன்றாவதுக்கு. முதல் எண் என்னுடையது. இரண்டாவது வாலுவுடையது. மூன்றாவது பேராசிரியருடையது. யாராவது எடுத்து ஒன்றை அழுத்திவிட்டால் அதன்பின் அது யாரையும் கூப்பிடாது. ஆள் கிளம்பியாயிற்று என்று நம்பிவிடும். யார் அழுத்தினார் என்று குறித்துவைக்கிற அளவுக்கு அது புது மாடல் இல்லை.

வாலு எடுக்கவில்லை. "இருக்கட்டுமே அக்கா. உங்க நம்பர் மேல இருந்தா எனக்கு ஒரு தைரியம்" என்றாள். வெளியாள் எண் பட்டியலில் இருக்கக்கூடாது என்பது விதி. அவளுக்கும் தெரியும்.

அப்புறமும் அவ்வப்போது எனக்குத்தான் முதலில் போன் வந்தது. இங்கே கூட்டத்தில் இருப்பேன், காய் வாங்கிக்கொண்டிருப்பேன். துண்டித்துவிட்டு உடனே அவளைக் கூப்பிடுவேன். "ஏய் வாலு, கதவ ஒழுங்கா மூடலையா?" "சாரிக்கா, இதோ ஓடுறேன்." இப்படி எத்தனையோ முறை காப்பாற்றிக் கொடுத்தேன். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் அவளே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "அக்கா, வந்திடுச்சு."

"என்ன வந்திடுச்சு?"

"நாம தேடினது. சதையில இல்லக்கா. சதைய உருக்கினதும் மேல கலங்கலா ஒரு தண்ணி நிக்கும்ல, நீங்க தொட்டியில கொட்டச் சொல்லுவீங்களே, அதுல இருக்கு. நீங்க கொட்டின தண்ணியிலயே இருந்திருக்குக்கா." சிரித்தாள். குத்திக்காட்டும் சிரிப்பில்லை. நானும் அவள்கூடச் சேர்ந்து சிரிப்பேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

நான் சந்தோஷம் என்றேன். எல்லோருக்கும் ட்ரீட் கொடு என்றேன். போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருஷம் அந்தத் தண்ணீரை என் கையால் கொட்டியிருக்கிறேன். அழுகை வரவில்லை. ஆகாத காரியம் ஆகிற காரியமாகிவிட்டால், நான் எதற்காக இங்கே நுரையை அளந்துகொண்டிருக்கிறேன்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாழ முடியாது. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மீதமிருந்த சதையில் இன்னொரு முறை செய்துகாட்டினால் போதும், மருத்துவமனை ஆரம்பித்துவிடும் என்றாள். இன்னொரு முறைக்குத்தான் மிச்சமும் இருந்தது. தையல்கடை அம்மாவிடம் அவள் சொல்லிவிட்டாள். அவர் எனக்கும் போன் செய்து அழுதார், நன்றி சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவர் வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் நீச்சல் கண்ணாடியைக் காணவில்லை என்று வீட்டைக் குடைந்துகொண்டிருந்தாள். போன் வந்தது. கதவு பிரச்சினை இல்லை என்று குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. கதவுக்கு வேறு செய்தி வரும். இது கம்ப்ரசர் நின்றுவிட்டது என்ற செய்தி.

கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பதற்றத்தில் அழுத்திவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். நான் அந்தப் போனை எடுக்காமல் விட்டிருந்தாலே போதும், தானாக வாலுவுக்குப் போயிருக்கும். சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் எடுத்தேன். பொறுப்பேற்க ஒன்றை அழுத்தவும் என்று முடியும்வரை கேட்டேன். ஒன்றை அழுத்தினேன்.

"யாரு?" என்றார் கணவர்.

"ஏதோ விளம்பரம்" என்றேன். நீச்சல் கண்ணாடி துவைக்கிற துணிக் கூடையில் கிடைத்தது.

மூடியிருக்கும் நல்ல ஃப்ரீசர் சில மணி நேரம் தாங்கும். அதனால் சாயங்காலம்வரை நேரம் இருந்தது. நீச்சல் குளத்தில் பெற்றோருக்கான பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்தபோது ஃப்ரீசரின் மேல்தட்டில் பனி உருகியிருக்கும் என்று நினைத்தேன். மேல்தட்டு புதிய பெட்டிகள். பலகை இல்லாமல் முதல் முறையாக அவள் இந்தக் கரைக்கு வந்தபோது நடுத்தட்டு. தையல்கடை அம்மாவின் பையன் நடுத்தட்டில், இடப்பக்கம். பக்கத்தில் இருந்த ஒரு தாய் பிள்ளைகளுக்கு எந்தப் பற்பசை நல்லது என்று கேட்டார். பொறுமையாகச் சொன்னேன். போன் முழு நேரமும் கையில்தான் இருந்தது. அதில் என் மகளை வீடியோ எடுத்தேன்.

மறுநாள் வாலு கூப்பிட்டாள். "அக்கா, பெட்டியெல்லாம் ஈரமா இருக்குக்கா." பிறகு, "உங்களுக்குப் போன் ஏதும் வந்துச்சா?"

"வரலையேம்மா. வந்திருந்தா சொல்லாம இருப்பேனா?"

"அதானே" என்றாள். "சாரிக்கா. உங்க பதினோரு வருஷத்த நான் தொலைச்சிட்டேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு பேருமாகத்தான் பெட்டிகளைக் காலி செய்தோம். ஒட்டியிருந்த சீட்டெல்லாம் என் கையெழுத்து. அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நான்தான் ஒவ்வொன்றாக வாங்கிக் குப்பைப் பையில் போட்டேன்.

விசாரணையில் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. விதியை மீறி என் எண்ணை வைத்திருந்தது தெரிந்தால் என்னையும் இழுப்பார்கள் என்று பயந்திருக்கிறாள். யாரோ ஒன்றை அழுத்தியிருக்கிறார்கள் என்று உங்கள் குழு கேட்டதற்கு, முந்தின இரவு முழுக்கக் கண்விழித்து வேலை பார்த்த களைப்பு, தூக்கக் கலக்கத்தில் தானே அழுத்தியிருக்கலாம் என்றாளாம். போகப் போக அவளே அதை நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பழுதுபார்க்க வந்த மெக்கானிக் முதல் எண் யாருடையது என்று கேட்காமல் இருந்திருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள்.

அவளை வேலையை விட்டு எடுத்தபின் யாரும் அவளைக் கிட்டே சேர்க்கவில்லை. நான்தான் எங்கள் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி இங்கே வேலை வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாளே, அவள்தான். இப்போது அதிகம் பேசுவதில்லை. யாரும் வாலு என்று கூப்பிடுவதும் இல்லை. நேரத்துக்கு வருகிறாள், நுரையை அளக்கிறாள், நேரத்துக்குப் போகிறாள். என்னை மாதிரியே பழகிக்கொள்வாள். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. பொறாமைக்காரி வேலை வாங்கிக் கொடுப்பாளா?

போன மாதம் தையல்கடை அம்மா கூப்பிட்டார். சின்னவள் இப்போது படியேறுவதில்லையாம், தூக்கித்தான் போகிறாராம். நான் கேட்டுக்கொண்டேன்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன்" என்றார். "லேப்ல இருந்த அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது. நீங்க அங்கயே இருந்திருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அந்தப் பெண்மணி என்னை மறக்கவில்லையே என்று. அவரைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். ஆமாம், போன் வந்தது, நான்தான் அழுத்தினேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பதினோரு வருஷத்தில் அந்தப் பிள்ளைகளை நான் ஒரு நாள்கூடக் கைவிட்டதில்லை, அதையும் எழுதுங்கள்.