ஆறு கோழி இந்தப் பக்கம், ஆறு கோழி அந்தப் பக்கம்

...இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, பெத்த தாய எந்தப் பொண்ணாவது வீட்ட விட்டுத் தொரத்துமா? தொரத்திட்டாண்ணே! "அம்மா, மேக்ஸி வேன்ல ஏறி அரிமா டவுனுக்குப் போ. போயிட்டுத் திரும்பி வா. வந்தா மறுபடியும் போ. ரெண்டு மணி வரைக்கும் வாசப்பக்கம் தல காட்டாத"ங்கறா. இது மூணாவது நடை. டிரைவர் என்னப் பாத்துச் சிரிக்கறான். சிரிடா சிரி, உன் பிள்ளையும் ஒருநாள் ஃபிஃப்த் ஃபார்ம் பரிட்சைக்கு வரும்... அந்தப் பேப்பர் சுத்தின கட்டக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்கண்ணே, முழங்கையில குத்துது. ஏற்கெனவே ரெண்டு கையும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. ஏன்னு சொல்றேன், இருங்க.

பொண்ணுக்குக் காரிஸான்னு பேரு. பரிட்சைக்கு விவசாயப் பாடம் எடுத்திருக்கா. வேண்டாம்டின்னேன், கேட்டாளா? வீட்டுல எதையாவது வளத்து, வாராவாரம் நோட்டுல எழுதிக் காட்டணுமாம். எஸ்.பி.ஏ.ங்கறாங்க. அதுக்கும் மார்க்கு உண்டு. மத்த பிள்ளைங்க நாலு கத்தரிச்செடி வச்சு முடிச்சுக்கிச்சு. எங்க மகராசி பன்னெண்டு கோழிக்குஞ்சு கொண்டாந்து எறக்கினா. ஆறு இந்தக் கூண்டுல, ஆறு அந்தக் கூண்டுல. ஒண்ணுக்கு முழுக்கக் கடைத்தீவனம். இன்னொண்ணுக்குப் பாதித் தீவனம், பாதி முருங்கை இலை. ஆறு வாரங்கழிச்சு எது கனம்னு பாக்கணும். அவ்ளோதான்.

நான் என்ன செஞ்சேன்? உதவிதானே செஞ்சேன்! பள்ளிக்கூடத்துல பெத்தவங்கள உக்கார வச்சு, "பிள்ளைங்க வீட்டுல படிக்கறப்போ கூடவே நில்லுங்க"ன்னாங்க. நின்னேண்ணே! ஃபிரிட்ஜு உறுமுதுன்னு பிளக்கப் பிடுங்கினேன். மீனு நாறிப்போச்சு. ஹோலிஸ், அதான் எங்க வீட்டுக்காரரு, தும்மல் வந்தா வெளியில போகணும். மனுஷன் மழையில நின்னு தும்மினாருண்ணே!

"நீ கணக்கப் படிடி, கோழிய நான் பாத்துக்கறேன்"னேன். அதுல என்ன தப்பு?

ரெண்டாவது வாரம்... அந்த இலைக் கூண்டுப் பக்கம் போனா ஆறும் என்னையே பாக்குது. பக்கத்துக் கூண்டுல தீவனம் குவிஞ்சு கெடக்கு, இதுங்களுக்குக் கீரை. மனசு கேக்கல. ஒரு பிடி போட்டேன். மறுநாள் ரெண்டு பிடி. ஞாயித்துக்கிழமை சீஸ் போட்டுச் சுட்டு மிஞ்சின மக்கரோனி பை. அப்புறம் கொஞ்சம் பெலாவ் சோறு... அதுல கோழிக்கறி இருந்துச்சு, பொறுக்கி எடுத்துட்டுத்தான் போட்டேன். எனக்கும் நியாயம் தெரியும்.

ஆறாவது வாரம் எடை போட்டா, இலைக்கோழி ஒவ்வொண்ணும் பன்னிக்குட்டி! காரிஸா துள்ளறா. முருங்கை இலைதான் மேல்னு பக்கம் பக்கமா எழுதிட்டா. அவ டீச்சர் மிஸ் லெஸாமா, அத ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன தோணிச்சோ, "மறுபடியும் ஒருக்கா வளத்துக் காட்டு, வெளியாளக் கூட்டியாந்து நானே எடை போடறேன்"ன்னுட்டாங்க. அதுதாண்ணே இன்னிக்கு, ரெண்டு மணிக்கு!

இந்தத் தடவை கூண்டுக்குப் பூட்டு. சாவி பொண்ணு கழுத்துல. இலைக்கோழி ஆறும் எலும்பும் தோலுமா நிக்குது. "நான் எங்கம்மா தப்பு பண்ணினேன்"ன்னு நோட்ட வச்சுக்கிட்டு அழுவுதுண்ணே பிள்ள. மார்க்கு போனாக்கூடப் போகட்டும், பொய்க் கணக்கு எழுதினவன்னு பேராயிடுமே! உண்மையச் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். வார்த்த வரல. எனக்கு! எனக்கே வரலண்ணே!

அதான்... கிட்ட வாங்க. விடியறதுக்கு முன்ன சாவிய ஆணியில மாட்டிட்டுக் குளிக்கப் போனா. நான் பூந்து, இந்தக் கூண்டுக்கோழி ஆறையும் அந்தக் கூண்டுல, அந்தக் கூண்டுக்கோழி ஆறையும் இந்தக் கூண்டுல... மாத்திட்டேன். கும்மிருட்டு. ஆனா அந்த இலைக்கோழி என்ன கனம் கனக்குதுங்கறீங்க! பயத்துல எனக்குத்தான் கை சோந்துபோச்சு போலிருக்கு. அவ கண்டுபிடிக்க மாட்டாளாங்கறீங்களா? பன்னெண்டும் வெள்ள. எடை போடறப்போ தராசு முள்ளப் பாப்பாளா, கோழி மூஞ்சியப் பாப்பாளா?

அய்ய, உங்க கட்டுலேருந்து உதிருது பாருங்க... முருங்கை இலையா? உங்க கோழிக்கா? யாரு சொன்னா? ...பள்ளிக்கூடத்துப் பொண்ணு கண்டுபிடிச்சதா? அய்யோ கடவுளே! எத்தனை கோழி வச்சிருக்கீங்க? இருநூறா!

இருங்க, ஃபோனு. என்ன ஹோலிஸ்? ...ஆங்? ...நீ மாத்தினியா? எத? ...எப்போ? நேத்து சாயங்காலமா? அவ குளிக்கறப்போவா? அட, வெளங்காத மனுஷா! அதாய்யா அந்தக் கனம் கனத்துச்சு! நீ மாத்தினத நான் மாத்தி, எல்லாம் பழையபடியே நிக்குது! ...சிரிக்காத! வை ஃபோன!

டிரைவர் தம்பி, எங்க ஊரு கிராண்டேக்கு எப்போ போய்ச் சேருவ? மணி என்ன, ஒண்ணே காலா? மிதிப்பா! நானே சொல்லிடறேண்ணே. மிஸ் லெஸாமா மொகத்துக்கு நேரா. என் பிள்ள எழுதினதுல ஒரு பொய்யில்ல, கெடுத்தது நான் போட்ட மக்கரோனி பைதான்னு சொல்லிடறேன். வார்த்த வருதுண்ணே இப்போ! நீங்களும் கூட வாங்க, சாட்சிக்கு. இவ்ளோ நேரம் கேட்டீங்கள்ல... அண்ணே?

அட! எப்ப எறங்கினாரு? கட்டயும் விட்டுட்டுப் போயிட்டாரே!

சரி, இருக்கட்டும். இந்த முருங்கை இலைய நானும் ஹோலிஸும் திங்கறோம். ஆறு வாரத்துக்கு.