நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது லிட்டர்

சயாத்: கொஞ்சம் அழுத்தேன் கம்ஷாத். பச்சை விளக்கு போயிடப் போகுது.

கம்ஷாத்: போகட்டும். அது போகும்னு தெரிஞ்சுதான் அங்கேருந்தே காலை எடுத்துட்டேன். விரட்டிப் போய் பிரேக் அடிக்கிறதுக்கு, தானா உருண்டு போய் நிக்கலாம்.

சயாத்: பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான்.

கம்ஷாத்: அவனுக்கு என்ன, அவன் பெட்ரோலையா நான் மிச்சம் பிடிக்கிறேன்... என்னங்க, கண்ணாடியை ஏன் இறக்குறீங்க?

சயாத்: புழுக்கமா இருக்கு.

கம்ஷாத்: மார்ச் மாசம் நம்ம தால்திகோர்கன் ஊர்ல புழுக்கம்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். ரோட்டோரம் பனியே இன்னும் உருகல. ஏத்துங்க, காத்து உள்ள பூந்தா வண்டியை இழுக்கும்... ஆமா, டிக்கியில என்ன?

சயாத்: எந்த டிக்கியில?

கம்ஷாத்: நமக்கு எத்தனை டிக்கி இருக்கு?

சயாத்: ஓ, அதுவா... ரெண்டு மூட்டை உருளைக்கிழங்கு. ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார்.

கம்ஷாத்: மூணு நாளா அவரு வந்து வாங்கிக்கவே இல்லியே. எடை குறையட்டும்னு நான், பனியில வழுக்காம இருக்க வச்சிருந்த மணல் மூட்டையை இறக்கினேன், கூரை மேல சும்மா கிடந்த கம்பிச் சட்டத்தைக் கழட்டினேன். நீங்க என்னடான்னா கிழங்கு ஏத்துறீங்க.

சயாத்: எல்லாத்துக்கும் சந்தேகம் உனக்கு...

கம்ஷாத்: நீங்கதானே சொன்னீங்க? இந்த வண்டி நூறு கிலோமீட்டருக்குப் பதிமூணு லிட்டர் குடிக்குது, உஷாரால் வரைக்கும் போய்வரக் கட்டுப்படியாகாது, ஒன்பதுக்குக் கொண்டுவந்து காட்டு, நௌரிஸ் பண்டிகைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போலாம்னு?

சயாத்: சொன்னேன்... நீ கொண்டுவருவேன்னு...

கம்ஷாத்: நினைக்கல.

சயாத்: அப்படி இல்ல...

கம்ஷாத்: நாலு டயர்லயும் காத்து பாதிதான் இருந்தது. ஃபில்டரைத் திறந்தா, ஒரு தலையணைக்கு ஆகும், அவ்வளவு பாப்லார் மரத்துப் பஞ்சு. தினம் காலையில மாடியிலேருந்தே ரிமோட் பட்டனை அமுக்கி இருபது நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டுட்டு நீங்க டீ குடிக்கிறீங்க. மைனஸ் முப்பதுல சரி. இப்பவுமா?

சயாத்: எங்கப்பா காலத்துலேருந்தே சூடு பண்ணாம கிளம்பினதில்ல.

கம்ஷாத்: உங்கப்பா குதிரை வச்சிருந்தார்... இந்தா, பங்க் வந்தாச்சு. போன தடவை இதே பம்ப்புல வாய் வரைக்கும் நிரப்பினோம். அதுக்கப்புறம் சரியா நானூறு கிலோமீட்டர். முப்பத்தாறு லிட்டருக்குள்ள நிரம்பினா நான் ஜெயிச்சேன். இறங்கி நீங்களே ஊத்துங்க.

சயாத்: இருபது... இருபத்தஞ்சு... கம்ஷாத், ஒருவேளை அங்க ரோடு மோசமா இருந்தா?

கம்ஷாத்: நம்பரைப் பாருங்க.

சயாத்: முப்பது... முப்பத்தி ரெண்டு... முப்பத்தி நாலு. நின்னுடுச்சு.

கம்ஷாத்: இன்னும் அமுக்கிப் பாருங்க.

சயாத்: பாத்துட்டேன். சொட்டு ஏறல. அப்ப நூறுக்கு... எட்டரை.

கம்ஷாத்: என்னங்க, செப்டம்பர்லேருந்து நான் எங்கம்மாவைப் பாக்கல. போன்ல குரலைக் கேட்டாலே அழுகை வருது. சனிக்கிழமை கிளம்புறோமா, இல்லியா?

சயாத்: கிளம்புறோம்... ஆனா ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

கம்ஷாத்: சொல்லுங்க.

சயாத்: பெட்ரோல் இல்ல விஷயம்.

கம்ஷாத்: பின்ன?

சயாத்: நெஞ்சுக்கறி. மருமகன் பங்குன்னு உங்கம்மா கையாலேயே எடுத்து வெக்கிறாங்களே, கொழுப்பு சொட்டச் சொட்ட... பாத்தாலே குமட்டுது எனக்கு. வேணாம்னும் சொல்ல முடியாது. மருமகனுக்குச் செய்யிற மரியாதையையே தட்டிவிட்ட மாதிரி ஆயிடும்.

கம்ஷாத்: அஞ்சு வருஷமா உங்க தட்டு காலியாத்தானே வருது?

சயாத்: மேஜைக்கு அடியில... உங்க வீட்டுப் பூனைக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. தயவுசெஞ்சு உங்கம்மாகிட்ட சொல்லிடாத, ரொம்ப வருத்தப்படுவாங்க... ஏன், எதுக்குச் சிரிக்கிற?

கம்ஷாத்: அம்மாவுக்கு முதல் வருஷமே தெரியும். எனக்கும்தான். பூனைக்கு உப்பு ஆகாதுன்னு, அப்பலேருந்து உங்க பங்கை மட்டும் தனிச் சட்டியில உப்பில்லாமத்தான் வேகவெக்கிறாங்க. ஒரு வாய் தின்னிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.