எட்டு போனும் ஒரு தகரப் பெட்டியும்

— போதும்ணே. அஞ்சு மணிக்குள்ள அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு 'வேலைக்கு வரேன்'னு எழுதிடப் போறேன். எட்டு மாசம் செக்கு மாடா சுத்தியாச்சு.

— நேத்துதானே பாப்பா, வந்துரும் வந்துரும்னு சொன்ன?

— தினம்தான் சொல்றேன். டவர் கிடைக்காத உங்க குடோன் அடித்தளத்துல, ஒரு போன் இன்னொரு போனோட நேரா பேசணும். நீங்க மூட்டையைக் கை மாத்தி மாத்தி லாரியில ஏத்துற மாதிரி சேதி கை மாறி மேல வரணும். வேற என்ன கேட்டேன்?

— எங்களோட மூட்டை தூக்கின உன் சித்தப்பாவுக்காக ஆரம்பிச்சது. அதை விட்டுட்டுப் போறேங்கிற.

— தெரியாதா எனக்கு? இதே அடித்தளத்துல கம்பிக் கதவுக்குள்ள மாட்டிக்கிட்டு ஒரு பகல் பூரா கத்தினாரு, ஒரு காதுல விழல. ஆனா என்னால முடியலண்ணே. நாலு தடவை ப்ரோகிராமை முதல்லேருந்து எழுதிட்டேன். இந்த கேட்டாண்ட நின்னு தினம் பத்து சேதி கீழ அனுப்புறேன். ஒண்ணாவது வருதா?

— ஏன் வராம? சாயங்காலம் வேலை விட்டதும் பத்தும் கும்பலா வந்து விழுமே.

— அதான் கொடுமை. இதைப் பாரு. எந்தப் போன் எதுக்குப் பக்கத்துல இருந்துச்சுன்னு என் ஆப் குறிச்சு வைக்கும். காலையில எட்டுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் உங்க எட்டு பேருக்கும் நான் குடுத்த போன் ஒண்ணு மடியில ஒண்ணு உக்காந்திருக்காம். நீ அடித்தளத்துல, நெட்டையண்ணன் லாரி மேல. எப்படி முடியும்? நான் எழுதினதே என்கிட்ட பொய் சொல்லுது.

— பொய் இல்லையே பாப்பா.

— என்னது?

— மடியிலதான் உக்காந்திருக்கு. பெட்டிக்குள்ள.

— எந்தப் பெட்டி?

— தகரப் பெட்டி. நீதானே சொன்ன, 'போன் உடைஞ்சா என் உழைப்பே போச்சு, கண்ணு மாதிரி பாத்துக்கங்க'ன்னு? மூட்டை தூக்குறவன் இடுப்புல வச்சா நசுங்காதா? நெட்டைதான் பெட்டி கொண்டாந்தான். அடியில துணி விரிச்சு, மூடி, பூட்டும் போட்டிருக்கோம்.

— துணி வேறயா!

— என் பழைய சட்டை. துவைச்சதுதான்.

— அண்ணே... தகரம் சேதியை உள்ளயும் விடாது, வெளியவும் விடாதுண்ணே!

— அழுவுறியா சிரிக்கிறியா? ஒண்ணைப் பண்ணு.

— நான் எழுதினது சரிண்ணே. சரியாத்தான் இருந்திருக்கு. அப்பாடா... இரு, மூச்சு விட்டுக்கறேன்.

— அப்புறம் விடு. டேய் நெட்டை, பெட்டியைத் திற! ஆளுக்கொரு போன், சட்டைப்பையில. நீ படிக்கட்டு முனையில நில்லு, பாப்பா கேட்டுல நிக்கட்டும். நான் அடித்தளத்துக்கு இறங்குறேன்.

— அண்ணே, அந்தக் கம்பிக் கதவு...

— அங்கேருந்து வரலைன்னா வேற எங்கேருந்து வந்து என்ன புண்ணியம்?

— இன்ஜினியரம்மா, படிக்கட்டுலேருந்து நெட்டை பேசுறேன். கேக்குதா?

— நீங்க கத்துறது ஊருக்கே கேக்குது நெட்டையண்ணே. அண்ணன் போய் பத்து நிமிஷம் ஆச்சு.

— நாப்பது வயசுல எழுத்துப் படிச்ச கை அவருக்கு, அம்மா. மூட்டைன்னா வீசி எறிஞ்சிருப்பாரு. எழுத்தை ஒவ்வொண்ணாத்தானே இறக்கி வைக்கணும்?

— மணி அஞ்சாகப் போகுது...

— ஏம்மா! என் பை துள்ளுது! மாரு மேல தவளை விட்டாப்ல துள்ளுது!

— தொடாதீங்க! அது தானா எனக்கு... வந்துருச்சு. எனக்கும் வந்துருச்சுண்ணே!

— படிங்க, படிங்க!

— 'பாப்பா. கம்பிக் கதவு பூட்டிக்கிச்சு. உள்ள இருக்கேன். அவசரம் இல்ல. முதல்ல அந்தக் கம்பெனிக்கு வரலன்னு எழுது. அப்புறம் நெட்டையை அனுப்பு.'