தாயார் பெயர் என்ற கட்டம்

மதுரையில் பிறப்புப் பதிவு அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் முப்பது வயது மதிக்கத்தக்க மகளும் இருந்தார்கள். அம்மா திடீரென்று சத்தமாகச் சொன்னார்:

"ஒன்னையப் பெத்தவ கெடைச்சா நானும் அவகிட்ட ஒண்ணு கேக்கணும்டி."

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா கேப்ப?"

"இந்தப் பிடிவாதம் அவ வீட்டுச் சீதனமான்னு. எங்க பக்கம் யாருக்கும் இம்புட்டு கெடையாது."

"தத்தெடுக்கும்போதே விசாரிச்சிருக்கணும்."

"மூணு மாசப் பிள்ளை. சிரிச்சே ஏமாத்திட்ட."

மகள் விண்ணப்பத்தை நீட்டினாள். ஜன்னலுக்குள் இருந்தவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"தாயார் பெயர் விட்டுப்போச்சேம்மா."

"அது தெரியாமத்தான் சார் பழைய பதிவத் தேடி இங்க வந்து நிக்கிறேன்."

"கட்டம் காலியா இருந்தா வாங்க மாட்டாங்க."

"எம் பேர எழுதுடி," என்றார் அம்மா. உடனே குரலைத் தாழ்த்தி அவரிடம் கேட்டார்: "சார், அவ பேரு கெடைச்சுட்டா எம் பேர எடுத்துருவாங்களா?"

"இப்ப இருக்குற சர்டிபிகேட்ட யாரும் தொட மாட்டாங்கம்மா."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"அப்பச் சரி. எம் பேரப் பொடியா எழுதிட்டுப் பக்கத்துல அவளுக்கும் இடம் விடு."

"ஒரு கட்டத்துல ரெண்டு தாயாரா?"

"ஆமா சார். ஒருத்தி பெத்தா. இன்னொருத்தி நான், இவகூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் பொடியா எழுதச் சொல்லுங்க. கட்டம் சின்னது."